கலைச்சொல் தேவை: டிஜிட்டல் கொள்கை – எண்மமா, மின்னிலக்கமா?

அன்புடையீர்,

அரசின் டிஜிட்டல் கொள்கை வரைவைத் தமிழாக்கி வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். தாளில் உள்ள ஆவணத்தைக் கணினிக் கோப்பாக்குவதையும், கணினியின் துணையால் அலுவல் நடைமுறையையே மாற்றித் தொழிலும் கல்வியும் மருத்துவமும் வளர வழிசெய்வதையும் வரைவு தனித்தனியே பேசுகிறது. இரண்டுக்கும் ‘எண்மமயமாக்கல்’ என்றே எழுதினால் கொள்கையின் நோக்கமே மறைந்துவிடும். முன்னதற்கு ‘எண்மமாக்கம்’, பின்னதற்கு ‘எண்ம மாற்றம்’ பொருந்துமா?

*

அம்மா, இந்தப் பாகுபாடு மிகவும் தேவை. குடிமக்கள் ஒருமுறை தந்த தகவலை மறுபடி கேட்பதில்லை என்னும் நெறியை எஸ்தோனிய அரசு வகுத்துக்கொண்டது. துறைகளின் தரவுத்தளங்களை இணைக்கும் எக்ஸ்-ரோடு அங்கே 2001 முதல் இயங்குகிறது. சான்றிதழை வருடி (ஸ்கேன் செய்து) பதிவேற்றச் சொல்வது அதற்கு ஈடாகாது. ஆனால், ‘எண்ம மாற்றம்’ என்றால் எண்மத்தை மாற்றுதல் என இரண்டாம் வேற்றுமைத் தொகையாகவும் விரியும். ‘எண்மவழி மாற்றம்’ என்பதே ஐயத்துக்கு இடந்தராது.

*

‘எண்மம்’ எத்தனை பேருக்குப் புரியும்? 2015-இல் தொடங்கிய திட்டம் தமிழிலும் ‘டிஜிட்டல் இந்தியா’ என்றே வழங்குகிறது. தமிழ்ச்சொல்தான் வேண்டுமென்றால், சிங்கப்பூரில் 2024-இல் அமைச்சின் பெயரிலேயே ஏறிவிட்ட ‘மின்னிலக்கம்’ இருக்கிறது. பொதுமக்கள் கருத்துச் சொல்ல வேண்டிய வரைவில் புதுச்சொல்லைப் புகுத்துவது அவர்களை வாசலிலேயே நிறுத்துவதாகும்.

*

டகரம் மொழிமுதல் வாராது என்பது தொல்காப்பிய நெறி. அரசு ஆவணமே அதை மீறலாகாது. ஆங்கிலச் சொல்லின் மூலமான இலத்தீன் சொல் விரலைக் குறிப்பது. விரல்விட்டு எண்ணியதால் அது எண்ணுக்கு ஆகிவந்தது. தமிழில் ‘எண்’ எளிமையையும் குறிக்கும். ‘எண்பதத்தான் ஓரா முறைசெய்யா மன்னவன்’ (குறள் 548) என்ற இடத்தில், முறையிட வருவோர்க்கு எளிதில் காட்சி தருதலே எண்பதம். கொள்கை நாடுவதும் அத்தகைய ஆட்சியைத்தானே?

*

ஐயா, எளிமைப் பொருள் தரும் ‘எண்’ வேறு, எண்ணிக்கையைக் குறிக்கும் ‘எண்’ வேறு. நயம் இனிது; சொல்லாக்கத்துக்கு அது சான்றாகாது.

*

அனைவருக்கும் நன்றி. பெரும்பாலோர் இசைந்தபடி ‘எண்மமாக்கம்’, ‘எண்மவழி மாற்றம்’ என்றே அனுப்புகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘டிஜிட்டல்’ என்று விளக்கம் சேர்ப்பேன்.

*

என் மறுப்பையும் பதிவு செய்துகொள்ளுங்கள். தலைப்பிலாவது ‘டிஜிட்டல்’ இருக்கட்டும். தலைப்புப் புரியாதவர் உள்ளே இருக்கும் விளக்கத்தைத் தேடிப் போகமாட்டார்.