கைதிகளின் கூடத்துக்குள்ளேயே காவலர் இருந்தால் சிறை பாதுகாப்பாகுமா?

கேள்வி – கட்டடக்கலை மாணவி

இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக அமெரிக்க மாவட்டச் சிறைகளைப் பற்றிப் படித்து வருகிறேன். 1981-இல் கலிபோர்னியாவின் மார்ட்டினெஸ் நகரில் திறக்கப்பட்ட கான்ட்ரா கோஸ்டா சிறையில், காவலர் கைதிகள் நடமாடும் கூடத்திலேயே, எந்தத் தடுப்பும் இல்லாமல் பணியாற்றும்படி வடிவமைத்தார்கள். ஐம்பது பேர் நடுவே ஒற்றை ஆளாக ஒருவரை நிறுத்துவது எப்படிப் பாதுகாப்பாகும்?

பதில் 1 – பழைய வார்டன்

பழைய பாணிச் சிறைகளில் நடைவழியையொட்டி அறைகள் வரிசையாக இருக்கும். காவலர் சுற்றி வரும் நேரம் கைதிகளுக்கு அத்துப்படி என்பதால், அடிதடியும் மிரட்டிப் பறிப்பதும் அவர் இல்லாத இடைவெளியில் நடந்தன. பின்னர் கூடத்தைச் சுற்றி அறைகளைக் கட்டி, காவலரைக் கண்ணாடி அறைக்குள் அமர்த்தினார்கள். அவரால் பார்க்க முடிந்ததே தவிர, பேச்சின் தொனி மாறுவதைக் கேட்க முடியவில்லை. கண்ணாடியையும் அளவுக்கு மீறி நம்பக் கூடாது: 1980 பிப்ரவரியில் நியூ மெக்சிகோ மாநிலச் சிறைக் கலவரத்தில், கைதிகள் கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடியை உடைத்துச் சாவிகளைக் கைப்பற்றினார்கள், 33 கைதிகள் கொல்லப்பட்டார்கள். கூடத்திலேயே இருப்பவருக்கோ, ஒருவனுடைய சாப்பாட்டுத் தட்டு தினமும் இன்னொருவனிடம் போவது கண்ணில் படும். சண்டை மூளும் முன்பே இருவரில் ஒருவனை வேறு கூடத்துக்கு மாற்றிவிடலாம்.

பதில் 2 – சட்டத்தரணி

ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் கட்டடம் மட்டும் காவல் காக்காது. கைதிகளோடு காவலர் நேரடியாகப் பழகும் முறையை முதலில் முயன்று பார்த்த கூட்டாட்சிச் சிறைகளுள் ஒன்று, 1975-இல் திறந்த நியூயார்க் பெருநகரச் சிறை. அதே கட்டடத்தின் தனிப் பிரிவில் 2019-இல், பாலியல் கடத்தல் வழக்கில் கைதாகியிருந்த செல்வந்தர் ஜெஃப்ரி எப்ஸ்டீன் இறந்த இரவில், அரை மணிக்கொரு முறை செய்ய வேண்டிய சோதனையைச் செய்யாமலே செய்ததாகப் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். ஆள் பற்றாக்குறையால் காவலர்கள் ஓய்வின்றி மிகைநேரப் பணி பார்த்ததும் விசாரணையில் வெளிவந்தது.

கட்டடக்கலை மாணவி

அப்படியானால் வரைபடத்தில் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 3 – பழைய வார்டன்

காவலரின் மேசையைச் சுற்றி உயரமான மறைப்பு வைக்காதீர்கள். வைத்தால் அவர் அதற்குள்ளேயே அடைந்துவிடுவார். மாடிப்படியின் அடிப்பகுதி, குளியலறை வாசல், மேல்தளத்தின் கோடி அறை ஆகிய மூன்றும் கூடத்தில் நடக்கும்போது தெரிகின்றனவா என்று பாருங்கள். ஒருவருக்கான அறையில் இரண்டாவது கட்டிலைப் போட இடம் விடாதீர்கள். இடம் இருந்தால் நிர்வாகம் நிச்சயம் போட்டுவிடும்.