ரீஃப்ளோவுக்கு ‘நிரவு’ போதாதா?

வணக்கம்.

திரையின் அகலத்துக்குத் தக்கபடி வரிகளை மாற்றி அடுக்கிக்கொள்ளும் மின்னூலை ஆங்கிலத்தில் ‘ரீஃப்ளோவபிள்’ என்கிறார்கள். அதற்கு மூன்று வாரமாகத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். பட்டியலில் மிஞ்சியிருப்பவை மீள்பாய்வு, மறுஒழுக்கு, நெகிழ்நூல். மூன்றும் எனக்கு ஒட்டவில்லை.

ஒழுக்கு என்றால் கூரை ஒழுக்குதான் நினைவுக்கு வரும். ஏற்காட்டு மழையில் ஓட்டு வீட்டில் குடியிருந்தவர்களைக் கேளுங்கள். நெகிழ்நூல் என்று கொண்டலாம்பட்டிப் பக்கம் நெசவாளர்களிடம் சொன்னால், பாவில் எந்த இழை தொய்ந்திருக்கிறது என்று தறியைப் பார்ப்பார்கள். மீள்பாய்வு கொஞ்சம் கௌரவமான சொல். ஆனால் எதுவும் எங்கும் மீளவில்லையே! ஆங்கிலத்தின் ‘ரீ’யைப் பிய்த்தெடுத்து ‘மீள்’ என்று ஒட்டவைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

சரி, நடக்கும் வேலை என்ன? பிடிஎஃப்பில் ஒவ்வொரு எழுத்தும் தாளில் எங்கே நிற்க வேண்டும் என்பது முன்பே முடிவாகிவிடுகிறது. எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றுதான் அடோபி 1993இல் அதைக் கொண்டுவந்தது. அச்சுக்கு அது நல்லது. அதே பக்கம் கைபேசியில் வந்தால், பிள்ளைகள் விரலால் இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்கிறார்கள். வரி முடிவதற்குள் முதல் சொல் மறந்துபோகிறது. 2007இல் வந்த ஈபப் என்ற மின்னூல் வடிவம் வேறு வழியில் போனது. உள்ளே இருப்பவை வலைப்பக்கம் போன்ற கோப்புகள்தான், ஒரே ஜிப்பாகக் கட்டியிருக்கும். எந்தச் சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் என்பது மட்டுமே அதில் நிலையானது. வரி எங்கே முறிய வேண்டும் என்பதைப் படிக்கும் கருவி பார்த்துக்கொள்கிறது. எழுத்தைப் பெரிதாக்கினால் சொற்கள் அடுத்த வரிக்கு நகர்ந்து, இருக்கிற அகலத்துக்குள் பரவிக்கொள்கின்றன.

இப்படி இடத்துக்குத் தக்கபடி பரவி நிரப்புவதற்கு நம்மிடமே சொல் உண்டு: நிரவு. மேட்டு மண்ணைப் பள்ளத்தில் தள்ளி நிரவுகிறோம். கச்சேரியில் நிரவல் கேட்டிருப்பீர்கள். பாட்டின் வரி அதேதான், சொல் ஒன்றுகூடக் கூடுவதில்லை. தாளத்துக்குள் அதை விதவிதமாகப் பரப்புகிறார்கள். ஈபப்பில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான்.

ஆகவே நிரவு மின்னூல், அதற்கு எதிர் நிலைப்பக்க மின்னூல். வினையாக இருப்பதால் ‘இந்தக் கோப்பு நிரவுமா, நிரவாதா?’ என்று கேட்கலாம். ‘மீள்பாய்வுத் தன்மை உடையதா?’ என்று எந்த மாணவியும் கேட்கப்போவதில்லை.

சக ஆசிரியர் ஒருவரிடம் சொன்னபோது அலறினார்: “ஐயோ சார், நிரவல்னாலே பணிநிரவல்தான் ஞாபகம் வருது!” உபரி ஆசிரியர் என்று பேர் வந்து, ஊர்விட்டு ஊர் போனவருக்கு அது நியாயமான பயம். அதனால்தான் நிரவல் என்ற வடிவத்தை விட்டு நிரவு என்றே வைக்கிறேன். யோசித்தால் அங்கேயும் அதே வேலைதான், புதிதாக ஆள் போடாமல் இருப்பவர்களை இடம் மாற்றி நிரப்புவது.

1916இல் அறிவியலுக்குத் தமிழ்ச் சொல் செய்ய ராஜாஜி ஒரு சங்கம் தொடங்கியபோது அவர் சேலத்தில் வக்கீல். நூறு வருஷம் தாண்டியும் ஊர் அதே வேலையில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் இதில் சேரும். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்த பையன் ஒருவன், குறளுக்கு நான்கு அடி என்று என்னோடு வாதாடினான். வாங்கிப் பார்த்தேன், அவன் திரையில் நான்குதான்! நாற்சீர் அடியும் முச்சீர் அடியும் ஆளுக்கொரு இடத்தில் முறிந்து நின்றன. தப்பு அவனுடையதல்ல, கோப்பைச் செய்த என்னுடையது. முறிந்து வரும் துண்டைக் கொஞ்சம் உள்தள்ளி வைத்திருந்தால் அடி எது, அதன் மிச்சம் எது என்று தெரிந்திருக்கும். அந்தத் துண்டுக்கு ‘மடிவரி’ என்று பேர் வைக்கலாமா? ‘மடிந்த வரி’ என்று நீட்டினால் செத்த வரி ஆகிவிடும், அதனால் மடிவரி. செய்யுள் பகுதி வரும் எந்தப் பாடநூலுக்கும் இந்தச் சொல் தேவைப்படும்.

“42ஆம் பக்கத்தைத் திறங்க” என்று வகுப்பில் சொல்வதுதான் அடுத்த தலைவலி. நிரவும் நூலில் ஆளுக்கொரு பக்க எண் வரும். அச்சு நூலின் பக்க எண்ணை உள்ளே குறித்துவைக்க ஈபப் 3இல் வழி இருக்கிறது. இதற்கு ‘அச்சுப் பக்க எண்’ என்றாலே போதும், எல்லாவற்றுக்கும் கலைச்சொல் வேண்டுமா என்ன?

படம் நிறைந்த ஒன்றாம் வகுப்பு நூலை நிரவ வேண்டாம் என்பதில் நமக்குள் சண்டை இல்லை. அப்படியே இருக்கட்டும்.

மடிவரியைவிட நல்ல சொல் இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை ஆசிரியர் கையேட்டை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுக்கிறேன். ஆமாம், ஜெராக்ஸ்தான். நிரவாது.

அன்புடன்,
சேலத்திலிருந்து