மெட் கவுன்சில்: ஊர்கள் கூடி நடத்துவதா, கவர்னர் நடத்துவதா?

ஈகன்காரன்: "மினசோட்டாவின் மெட்ரோபாலிட்டன் கவுன்சில், ஏழு கவுன்டிகளும் (மாவட்டம் மாதிரி) அவற்றின் நகராட்சிகளும் கூடி நடத்தும் அமைப்பு" என்று நேற்று ஒருத்தர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். மினியாபோலிஸ், செயின்ட் பால் வட்டாரத்துக்கே சாக்கடை, பஸ், ரயில் எல்லாம் பார்க்கிற கவுன்சில் இது. கூடியா? 17 உறுப்பினர்கள், 17 பேரையும் நியமிப்பது கவர்னர். இதில் ஒருத்தருக்காவது நாம் ஓட்டுப் போட்டதுண்டா?

கணக்குப்பிள்ளை: எழுதினது நான்தான், பெயர் சொல்லியே கேட்கலாம். 1967க்கு முன்னால் புறநகர்களில் செப்டிக் டேங்க் ஒரு பக்கம், குடிக்கிற கிணறு இன்னொரு பக்கம். ஊருக்கு ஊர் தனியாகச் சமாளிக்க முடியாமல்தான் சட்டமன்றம் இதை உண்டாக்கியது. உங்கள் புறநகர் ஈகனிலேயே செனிகா கழிவுநீர் நிலையம் இருக்கிறது, பக்கத்து ஊர்க் கழிவும் அங்கேதான் வருகிறது. அதை நடத்துவது யார்?

ஈகன்காரன்: சாக்கடை நன்றாக ஓடட்டும், யார் வேண்டாமென்றது? ஓட்டு எங்கே? ஆரிகன் மாநிலப் போர்ட்லேண்டில் மூன்று கவுன்டிகளுக்குச் சேர்த்து மெட்ரோ என்று ஒரு வட்டார அரசு இருக்கிறது, தலைவர் உட்பட எல்லோரையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை: போர்ட்லேண்ட் மெட்ரோ சாக்கடையே நடத்துவதில்லை. குப்பை, நகர விரிவாக்க எல்லை, மிருகக்காட்சி சாலை, இந்த மாதிரிதான் அதன் வேலை. படித்துவிட்டு வாருங்கள்.

ஈகன்காரன்: மிருகக்காட்சி சாலைக்கே ஓட்டு இருக்கிறது, நமக்கு இல்லை. அதைத்தானே சொல்கிறேன்!

பனிக்கரடி: ரயிலை எல்லோரும் வசதியாக மறந்துவிட்டீர்கள். கவுன்சில் போடுகிற ஈடன் பிரைரி ரயில் பாதைச் செலவு 270 கோடி டாலரைத் தாண்டியது, அந்தப் பாதையில் வரும் கெனில்வொர்த் சுரங்கத்திலேயே எத்தனை இழுபறி.

ஈகன்காரன்: ஓட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவனாக இருந்தால் இப்படித் தோண்டுவானா? எங்கள் டகோட்டாவும் ஆனோகா, கார்வர், ஸ்காட் கவுன்டிகளும் உள்ளூரில் ஜெயித்தவர்களைக் கவுன்சிலில் உட்காரவைக்கச் சொல்லி எவ்வளவு காலமாகக் கேட்கின்றன, காதில் விழுந்ததா?

கணக்குப்பிள்ளை: உட்காரவைத்தால் ஆளாளுக்குத் தன் ஊர் ரோட்டுக்கு மட்டும் கை தூக்குவார்கள். ஒத்துழைப்பு என்றால் 1971 சட்டத்தைப் பாருங்கள்: ப்ளூமிங்டனில் மால் வந்தாலும், வணிக வரி மதிப்பு வளர்ந்ததில் 40 சதவீதம் எல்லா ஊருக்கும் பொதுவில் போகிறது.

ஈகன்காரன்: அது சட்டமன்றம் போட்ட சட்டம், கணக்குப் பார்ப்பது கவுன்டி ஆடிட்டர்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அதையும் கவுன்சில் பெயரில் எழுதிக்கொள்கிறீர்களே, சபாஷ்.

கணக்குப்பிள்ளை: ஓட்டு ஓட்டு என்கிறீர்களே, போன வருஷம் பொங்கல் விழாக் குழுவுக்கு உங்களை யார் தேர்ந்தெடுத்தது?

ஈகன்காரன்: பொங்கல் குழு யாருக்கும் சொத்து வரி போடுவதில்லை ஐயா! கவுன்சில் போடுகிறது.

பனிக்கரடி: வரி இல்லை சரி, டிக்கெட் காசு வாங்கினீர்களே, அந்தக் கணக்கு எப்போது வரும்?

ஈகன்காரன்: சாம்பாரை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டவர் கணக்குக் கேட்கிறார். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.