பொருள்: மறு: 'பட்டறிவாளர்' போதுமா?

குழுவினருக்கு வணக்கம். 'பட்டறிவாளர்' என்ற சொல் போதுமா என்று இங்கே எழுந்த கேள்விக்கு என் பதில் இது.

மனநோயைத் தாமே பட்டு அறிந்தவர்கள் ஆய்வுக்குழுவிலும் அமர்ந்து, கேள்விகளை வகுப்பது முதல் அறிக்கை எழுதுவது வரை உடன் உழைக்கும்போது அவர்களை எப்படி அழைப்பது? 'வாழ்வனுபவர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். வாழாமல் அனுபவிப்பவர் உண்டா? அதை விட்டுவிடலாம்.

'பங்கேற்பாளர்' சற்று ஆபத்தான சொல். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒப்புதல் பெறச் சொல்வது ஆய்வில் பங்கேற்பவரிடம்தான். படிவங்களிலும் பதில் சொல்பவருக்கு அதுதான் பெயர். கேள்வியை எழுதுபவருக்கும் அதே பெயரை வைத்தால், பிறர் கதையை எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்ல வந்தவரையே ஒவ்வொரு கூட்டத்திலும் தம் மருத்துவமனை நாட்களை முதலிலிருந்து சொல்ல வைத்துவிடுவார்கள். ஆறிய புண்ணைக் கிளறும் வேலை அது.

எனக்கு 'உற்றவர்' மீது ஆசை இருந்தது. குறள் 950 மருத்துவத்தின் நான்கு கூறுகளை அடுக்கும்போது உற்றவனை, அதாவது நோயுற்றவனைத்தான் முதலில் சொல்கிறது, தீர்ப்பானாகிய மருத்துவன் அடுத்துத்தான். ஆனால் இன்றைய காதில் 'உற்றார் உறவினர்' என்றே விழும். நோயுற்றவரைப் பேசவிடாமல் வீட்டாரையே கேட்பது நம் ஊர்ப் பழக்கம். சொல்லும் அதற்குத் துணைபோக வேண்டாம். அதையே 'உற்றறிவு' என்று மாற்றினால் தொல்காப்பியம் படித்தவர்கள் தொடுவுணர்வு என்பார்கள்.

சென்ற ஆண்டு சென்னை ராயபுரத்தில் ஒரு கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளராகப் போயிருந்தேன். காசிமேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்த ஒருவருக்கு 'மனநோயாளிப் பிரதிநிதி' என்று அச்சிட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். அவர் அதைத் திருப்பி, எழுத்து நெஞ்சோடு ஒட்டும்படி வைத்துக்கொண்டார். தேநீர் இடைவேளையில் வெளியே போனபோது கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். மனநல மருத்துவமனை இருப்பதாலேயே கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரை வசவாக்கிய நகரம் இது. தெருவில் தெரிந்தவர் கண்ணில் பட்டால் வாடகை வீடு போகும், பெண்ணின் கல்யாணப் பேச்சு நிற்கும். பயணப்படிச் சீட்டிலும் 'நோயாளி' என்ற கட்டத்தில்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

ஜப்பானில் ஸ்கிசோஃப்ரினியாவுக்கு இருந்த, 'மனம் பிளந்த நோய்' என்று பொருள்பட்ட பெயரை, நோயாளிகளின் குடும்பத்தார் கேட்டதன்பேரில் 2002-இல் மாற்றினார்கள். நாம் இன்னும் 'மனச்சிதைவு' என்றுதான் எழுதுகிறோம். அதைத் தனியே பேசலாம்.

ஆகவே என் வாக்கு 'பட்டறிவாளர்'. படிப்பறிவு, பட்டறிவு என்று இணையாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம். மருத்துவருக்கு எதிரே சமமாக உட்காரும் சொல். 'படு' என்பதில் பாதிக்கப்பட்டவர் வாடை அடிக்கிறது என்ற மறுப்பைப் படித்தேன். 'அறிவு' அதைச் சமன் செய்துவிடுகிறது என்பேன். நோயின் பெயரும் அதில் இல்லை. அட்டையில் அச்சிட்டால் திருப்பி மாட்ட வேண்டியதில்லை. சம்பளச் சீட்டில் 'பட்டறிவாளர் ஊதியம்' என்று எழுதலாம், 'உதவித்தொகை' என்று அல்ல.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். இவர்கள் செய்யும் பணிக்குப் பெயர் என்ன? 'ஈடுபாடு' என்றால் ஆர்வம் என்று ஆகிவிடுகிறது. 'உடனாய்வு' என்று எழுதிப் பார்த்தேன், முழு நிறைவில்லை. யாரிடமாவது இதைவிட நல்லது இருக்கிறதா?