முந்திரிக்கு பிளாக்செயின்: செய்து பார்த்தவர்கள் வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் மாவட்டம் பண்ருட்டி பக்கம் முந்திரி ஆலை நடத்துகிறோம். பருப்பு எந்தத் தோட்டத்துக் கொட்டை என்று க்யூஆர் கோடில் தெரிய வேண்டும், பதிவு பிளாக்செயினில் (பலருடைய கணினிகளில் ஒரே நகலாக இருக்கும், பின்னால் மாற்றுவது கடினமான பதிவேடு) இருக்க வேண்டும் என்று வெளிநாட்டில் வாங்குபவர் ஒருவர் கேட்கிறார்.

கொஞ்சம் படித்துப் பார்த்தேன். வால்மார்ட்டும் ஐபிஎம்மும் செய்த சோதனையில், மாம்பழத் துண்டு எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று தேட 7 நாள் ஆனது 2.2 விநாடியாகக் குறைந்ததாம். ஆனால் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் 2018இல் கொண்டுவந்த டிரேட்லென்ஸ் என்ற கப்பல் சரக்குக்கான பிளாக்செயின் தளத்தை, துறையில் போதுமான ஒத்துழைப்பு கிடைக்காமல், மூடப்போவதாக 2022இல் அறிவித்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய ஆட்களுக்கே அப்படியென்றால் எங்களுக்கு?

எங்கள் சிக்கல் ஆலைக்குள்ளேயே இருக்கிறது. உள்ளூர்க் கொட்டையும் இங்கே உடைபடுகிறது, ஆப்பிரிக்காவிலிருந்து வருவதும் உடைபடுகிறது. மூட்டையைப் பிரித்து வேகவைக்கக் கொட்டியதுமே மூட்டைச் சீட்டுக்கும் கொட்டைக்கும் தொடர்பு அறுந்துவிடும், அப்புறம் உடைத்து, தோல் நீக்கி, டபிள்யூ 320 (முழுப் பருப்பில் ஒரு தரம்) என்று தரம் பிரிக்கும் மேசைக்கு வரும்போது பல லாட் (தனித்தனியாக வந்த சரக்குத் தொகுதிகள்) ஒன்றாகியிருக்கும். தவறாக ஏற்றிய தகவலை பிளாக்செயின் சரிபார்க்காதே, அப்படியே அழியாமல் வைத்திருக்கும், அவ்வளவுதானே?

லாட்டைக் கலக்காமல் கொண்டுபோக நடைமுறையில் என்ன செய்கிறீர்கள்? ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் (அனுமதி பெற்ற நிறுவனங்கள் மட்டும் சேரும் பிளாக்செயின் மென்பொருள்) போன்றதில் சிறிய ஆலைகள் சேர்ந்து ஒரு நோடு (பதிவேட்டின் நகலை வைத்திருக்கும் கணினி) நடத்த முடியுமா? ஒழுங்கான லாட் எண்ணும் சாதாரண டேட்டாபேஸுமே போதும் என்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள், வாங்குபவரிடம் பேசிப் பார்க்கிறேன். மீன், காபி ஏற்றுமதியில் இருப்பவர்கள் சொன்னாலும் பெரிய உதவி.