பல்லிணை விசையெண்ணெய்: ஏ.டி.எஃப்.-க்கு ஒரு தமிழ்ச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

தானியங்கிக் கியர்பெட்டிக்குள் ஊற்றும் சிவப்பு எண்ணெய்க்கு இந்த இழையில் இதுவரை நான்கு பெயர்கள் வந்திருக்கின்றன: தானியங்கிப் பரிமாற்றத் திரவம், கியர் மசகெண்ணெய், தன்மாற்றி எண்ணெய், செலுத்தப் பாய்மம். ஐந்தாவதாக ஒருவர், ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட் என்பதன் சுருக்கமான ஏ.டி.எஃப். என்றே விட்டுவிடலாம் என்கிறார். கார்க் கையேடு ஒன்றைத் தமிழாக்கும்போது இதே இடத்தில் இரண்டு நாள் நின்றுவிட்டேன். அந்த இரண்டு நாளில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன். என் பரிந்துரை: பல்லிணை விசையெண்ணெய். பல்லிணை என்றால் கியர்.

> ஆயில் என்றாலே மசகுதான். கியர் மசகெண்ணெய் என்று போட்டால் யாருக்கும் புரியும்.

மசகு நல்ல சொல். மாட்டுவண்டி அச்சில் பூசிய கரிய மைக்கு நம்மவர்கள் வைத்த பெயர். இரண்டு பரப்புகளுக்கு நடுவே இருந்து அவை உரசித் தேயாமல் காப்பது அதன் வேலை. கையால் கியர் மாற்றும் வண்டியில் பெட்டிக்குள் இருக்கும் எண்ணெய்க்கும் பெரும்பாலும் அந்த வேலைதான். அதை மசகெண்ணெய் என்றே சொல்வோம், எனக்கு மறுப்பே இல்லை.

தானியங்கிப் பெட்டியில் கதை வேறு. இயந்திரத்துக்கும் கியருக்கும் நடுவே முறுக்குவிசை மாற்றி (டார்க் கன்வெர்ட்டர்) என்ற உருண்டை இருக்கிறது. அதற்குள் இறக்கைகள் கொண்ட இரண்டு சக்கரங்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்றை இயந்திரம் சுழற்றுகிறது. அது வாரி வீசும் எண்ணெய் மற்றதன் இறக்கைகளில் மோதி அதைச் சுழற்றுகிறது. ஓடும் மின்விசிறிக்கு எதிரே ஓடாத விசிறியை வைத்தால் அதுவும் சுற்றத் தொடங்குமே, அதே கணக்கு. பூட்டுத் தட்டு வந்து இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் வரை வண்டியை நகர்த்தும் விசை முழுவதும் எண்ணெய் வழியாகத்தான் போகிறது. அப்புறம், கியர் மாற்றுவதற்கு உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் உரசிணைப்பித் (கிளட்ச்) தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் அதே எண்ணெயின் அழுத்தம்தான். எந்தக் குழாய்க்கு எவ்வளவு அழுத்தம் என்பதைத் திறப்பான்கள் பங்கிட்டு அனுப்புகின்றன. சூட்டைச் சுமந்துபோய்க் குளிர்விப்பானில் கொட்டுவது இன்னொரு வேலை. மசகு இத்தனைக்கும் பிறகு வருகிறது.

இன்னும் நுணுக்கமான ஒன்று உண்டு. இந்த எண்ணெய் பல்லிணைகளுக்கு இடையே வழுக்க வேண்டும், உரசிணைப்பித் தட்டுகளுக்கு இடையே பிடிக்க வேண்டும். பிடிப்பும் சட்டென்று வந்தால் வண்டி உதறும், தாமதமாக வந்தால் தட்டு நழுவிக் கருகும். இந்தப் பிடிப்பை வேண்டிய அளவுக்குப் பதப்படுத்தும் சேர்மானங்களை எண்ணெயில் கலக்கிறார்கள். அவற்றை உராய்வுத் திருத்திகள் எனலாம். ஜெனரல் மோட்டார்ஸ் 1949-இல் 'டைப் ஏ' என்ற வரையறையையும் 1967-இல் டெக்ஸ்ரானையும் வெளியிட்டது. அந்தக் காலத்து எண்ணெய்களில் உராய்வுத் திருத்தியாகக் கலந்தது எண்ணெய்த் திமிங்கிலத்தின் கொழுப்பெண்ணெய். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடுத்த பிறகு செயற்கைச் சேர்மானங்கள் வந்தன. ஃபோர்டின் பழைய 'டைப் எஃப்' எண்ணெயில் உராய்வுத் திருத்தி கிடையாது. அதனால் அதன் பிடிப்பு டெக்ஸ்ரானின் பிடிப்பிலிருந்து வேறுபட்டது. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே சிவப்பு. ஒன்றுக்கு ஒன்றை மாற்றி ஊற்றினால் கியர் மாறும் விதமே கெட்டுவிடும்.

இத்தனையும் மசகு என்ற ஒரு சொல்லுக்குள் மறைந்துபோகிறது. மசகு என்று கேட்பவர் "கொஞ்சம் பழசானால் என்ன, வழவழப்பு இருக்கிறதே" என்று நினைப்பது இயல்பு. விசையெண்ணெய் என்று கேட்டால் விசையைச் சுமக்கும் ஒன்று என்று தெரியும், சுமப்பது களைக்கும் என்ற எண்ணமும் கூடவே வரும்.

> கையேட்டிலேயே ஆயுட்கால எண்ணெய் என்று போட்டிருக்கிறதே. மாற்றவே வேண்டாத ஒன்றுக்கு இத்தனை ஆராய்ச்சி தேவையா?

இந்த வரிக்காகத்தான் நான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். யாருடைய ஆயுட்காலம் என்று அந்தத் தொடர் சொல்வதில்லை. பல கார் நிறுவனங்களுக்குத் தானியங்கிப் பெட்டி செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம், தன் பெட்டிகளில் 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 ஆண்டுக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. அதே பெட்டியை வாங்கிப் பொருத்தும் கார் நிறுவனம் தன் கையேட்டில் ஆயுட்காலம் என்று எழுதுவதும் உண்டு. செய்தவர் சொல்வதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

எண்ணெயைக் கெடுப்பது சூடு. சூட்டில் ஆக்ஸிஜனேற்றம் நடக்கிறது, சேர்மானங்கள் தீர்கின்றன, உரசிணைப்பித் தட்டின் தூள் கலக்கிறது. ஒவ்வொரு 10 பாகை செல்சியஸ் கூடுதலுக்கும் எண்ணெயின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. எனவே மலை ஏறும் வண்டி, பாரம் இழுக்கும் வண்டி, நெரிசலில் நின்று நின்று நகரும் வண்டி இவற்றுக்கு இடைவெளி குறைய வேண்டும். பல கையேடுகள் இந்த "கடும் பயன்பாட்டு" அட்டவணையைப் பின்பக்கத்தில் தனியாகத் தருகின்றன. நாம் தினமும் ஓட்டுவது எந்த வகை என்று நேர்மையாகப் பார்த்தால் பெரும்பாலானோர் அந்தப் பின்பக்கத்தில்தான் இருப்போம்.

என் கார் 90,000 கி.மீ. ஓடியபோது எண்ணெயை நானே இறக்கினேன். புது எண்ணெய் கண்ணாடி போலத் தெளிந்த சிவப்பு. தட்டில் விழுந்ததோ பழுப்பேறிய கருஞ்சிவப்பு. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டேன். நடுவில் கறுப்பு வட்டம் தங்காமல் சீராகப் பரவியது, கருகிய வாடை இல்லை. அடித்தட்டைக் கழற்றினால் மூலையில் வட்டக் காந்தம். அதன்மேல் சாம்பல் நிறத்தில் மை போல ஒரு படலம், விரலால் வழித்தால் நெருநெருப்பு இல்லாமல் வந்தது. அது இயல்பான தேய்மானம். காந்தத்தில் மின்னும் சிம்புகளோ துண்டுகளோ இருந்திருந்தால் எண்ணெயை மாற்றுவதோடு பேச்சு முடிந்திருக்காது. நிறம் மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாயம் வெறும் அடையாளத்துக்குத்தான், அது மங்குவதாலேயே எண்ணெய் கெட்டதாகாது. ஆனால் எண்ணெய் வெளிறிய இளஞ்சிவப்பாக, பால் கலந்தது போல வந்தால் குளிர்விப்பான் நீர் உள்ளே கசிந்திருக்கிறது. உரசிணைப்பித் தட்டின் ஒட்டுப்பசையை அந்த நீர் இளக்கிவிடும். அப்படிப்பட்ட வண்டியை ஓட்டக் கூடாது.

இங்கே எனக்கு இரண்டு துணைச்சொற்கள் தேவைப்பட்டன. அடியில் உள்ள திருகைக் கழற்றி, வருவதை மட்டும் இறக்கி, அதே அளவு புதியதை ஊற்றுவது ஒரு முறை. கருவியை இணைத்துப் பழையது முழுவதையும் தள்ளி வெளியேற்றுவது இன்னொன்று. முன்னதை வடித்து நிரப்பல் என்றும் பின்னதை அலசி மாற்றல் என்றும் எழுதினேன். வடித்து நிரப்பும்போது எல்லாம் வந்துவிடாது. முறுக்குவிசை மாற்றிக்குள் இருப்பது அங்கேயே தங்கும், பல பெட்டிகளில் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 40 விழுக்காடுதான் மாறும். அந்தக் கணக்கில் ஒரு தடவைக்குப் பின் 60 விழுக்காடு பழையது, இரண்டாம் தடவைக்குப் பின் 36, மூன்றாம் தடவைக்குப் பின் 22 அளவில் மிஞ்சும். இடையிடையே சில நூறு கி.மீ. ஓட்டிவிட்டு மூன்று தடவை செய்வது எனக்குப் பிடித்த வழி. ஒன்றை மறக்க வேண்டாம்: வடிக்கும் திருகைத் தொடுவதற்கு முன் நிரப்பும் திருகு கழல்கிறதா என்று பாருங்கள். இறக்கிவிட்டு ஊற்ற வழியில்லாமல் நிற்பது கொடுமை.

> நெடுநாள் மாற்றாத வண்டியில் மாற்றினால் பெட்டியே போய்விடும் என்கிறார்களே?

இந்த அச்சம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். பெரும்பாலோர் எண்ணெய் மாற்ற நினைப்பதே கியர் நழுவத் தொடங்கிய பிறகுதான். அப்போது தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். புது எண்ணெய் தேய்ந்த தட்டைத் திருப்பித் தராது, பெட்டி சில வாரங்களில் நிற்கும், பழி எண்ணெய்மேல் விழும். நழுவல் இல்லாமல் நன்றாக ஓடும் பழைய வண்டி என்றால், அழுத்தம் கொடுத்து அலசுவதைத் தவிர்த்து வடித்து நிரப்பலாம். நழுவுகிறது என்றால் முதலில் பெட்டியைச் சோதிக்க வேண்டும். வேகம் சீராக இருக்கும்போது வண்டி லேசாக அதிர்கிறதே, அந்த நடுக்கம் பூட்டுத் தட்டில் உராய்வுத் திருத்தி தீர்ந்ததால் வருவதும் உண்டு. அது புது எண்ணெயில் சரியாகும் வாய்ப்பிருக்கிறது. நழுவல், நடுக்கம் இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் இந்த வேறுபாடு போய்விடும்.

அளவு பார்ப்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். சூட்டில் எண்ணெய் விரியும் என்பதால் கையேடு சொல்லும் சூட்டில், சொல்லும் முறையில்தான் பார்க்க வேண்டும். சிலவற்றில் இயந்திரம் ஓட வேண்டும், சிலவற்றில் அணைந்திருக்க வேண்டும். குறைந்தால் எக்கி (பம்ப்) காற்றை உறிஞ்சி அழுத்தம் விழும். கூடினால் சுழலும் பாகங்கள் கடைந்து நுரையாக்கும்.

இனி மற்ற சொற்கள். தன்மாற்றி எண்ணெய் எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் மின்மாற்றி என்பது நன்றாக ஊன்றிய சொல், மின்மாற்றிக்குள்ளும் எண்ணெய் இருக்கிறது, குழப்பம் உறுதி. தானியங்கிப் பரிமாற்றத் திரவம் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. அதில் திரவமே தானாக இயங்குவதுபோல் தொனிக்கிறது. செலுத்தப் பாய்மம் சரியான ஆக்கம்தான். ஆனால் பாய்மம் வளிமத்தையும் சேர்த்துக் குறிக்கும் இயற்பியல் சொல், பணிமனையில் நிற்பவர் வாயில் வராது.

> விசையைக் கடத்துவதுதான் அளவுகோல் என்றால் பிரேக்கில் ஊற்றுவதும் விசையெண்ணெய்தானே?

இந்தக் கேள்விக்கு நன்றி. விசை என்பது பொருந்தும், எண்ணெய் என்பது பொருந்தாது. பிரேக்கில் ஊற்றுவது பெரும்பாலும் கிளைக்கால் சார்ந்த நீர்மம், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. நாம் பேச்சில் பிரேக் ஆயில் என்கிறோம். அந்தப் பெயரை நம்பி உண்மையிலேயே எண்ணெயை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்புகள் உப்பிப் பிரேக்கே பிடிக்காமல் போகும். எனவே பிரேக்குக்கு நிறுத்தி என்ற சொல்லை வைத்து, அதை 'நிறுத்தி விசைநீர்மம்' என்று எழுதலாம். பட்டையும் கூம்புச் சக்கரங்களும் கொண்ட தொடர்மாறு பெட்டிக்கு (சி.வி.டி.) உரியது பட்டை விசையெண்ணெய். எஃகுப் பட்டை சக்கரத்தை வழுக்காமல் கவ்வ வேண்டும் என்பதற்காக அதன் சேர்மானமே வேறு. அதில் பல்லிணை விசையெண்ணெயை ஊற்றக் கூடாது. பெயரிலேயே பட்டை, பல்லிணை என்று பிரித்துவிட்டால் குப்பியைக் கையில் எடுப்பவருக்கு அங்கேயே ஒரு தடை கிடைக்கும்.

சொற்பட்டியலுக்கு நான் எழுதிய வரையறை இது:

பல்லிணை விசையெண்ணெய்: தானியங்கிப் பல்லிணைப்பெட்டியில் விசையைக் கடத்தி, அழுத்தத்தால் உரசிணைப்பிகளை இயக்கி, சூட்டை அகற்றி, மசகாகவும் பயன்படும் எண்ணெய். சேர்மானங்கள் தீர்வதால் காலமுறைப்படி மாற்றத்தக்கது.

கடைசி வாக்கியம் வரையறையில் இருக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். எனக்கு அது இருந்தே ஆக வேண்டும். ஆயுட்கால எண்ணெய் என்பதை மட்டும் எப்படிப் பெயர்ப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. "உற்பத்தியாளர் மாற்றும் கால அளவு குறிப்பிடாதது" என்று விரித்து எழுதினால் நீளம், ஆனால் பொய்யில்லை. இதைவிடச் சுருக்கமாக யாரிடமாவது ஒரு சொல் இருந்தால் தாருங்கள், வெள்ளிக்கிழமைக்குள் கையேட்டை அனுப்ப வேண்டும்.

அன்புடன்