3 வருஷமா முடியாத தேன்கூடு போர்வை, யாராவது வழி சொல்லுங்க

பாலாத்து_மணல்:
வணக்கம். கையாலயே தைக்கற ஒட்டுத்துணி போர்வை, தேன்கூடு மாடல். 3 வருஷமா இழுத்துட்டே இருக்கு. ஒரு வாரம் விடாம தைப்பேன், அப்புறம் ரெண்டு மாசம் தொடவே மாட்டேன். தொடர்ந்து செய்ய என்ன வழி? தை மாசத்துக்குள்ள முடிஞ்சாகணும். ரயிலுக்கு நேரமாச்சு, வந்து பாக்கறேன்.

சத்துவாச்சாரி_ஊசி:
என்ன அளவு? இதுவரைக்கும் எவ்வளவு முடிஞ்சுது? என்ன துணி? ஒண்ணுமே சொல்லலையே.

மெழுகுநூல்:
எனக்குத் தெரிஞ்சு பாதியில நிக்கற கைவேலை எல்லாத்துக்கும் காரணம் நூல் சிக்கறதுதான். நாலு தடவை முடிச்சு விழுந்தா யாருக்கும் எரிச்சல் வரும், தூக்கிப் போட்டுருவோம். நூலை ஒரு முழத்துக்கு மேல எடுக்காதீங்க. தேன்மெழுகுல ஒரு இழுப்பு இழுத்துட்டு தைங்க. வித்தியாசம் அன்னைக்கே தெரியும்.

தினம்_கால்மணி:
காலையில காபி குடிச்ச கையோட 15 நிமிஷம். தினசரி காலண்டர்ல ஒரு டிக். அவ்வளவுதான். நான் ரெண்டு மேஜை விரிப்பு இப்படித்தான் முடிச்சேன்.

பழைய_டெய்லர்:
இந்தக் கேள்வி இங்க மாசத்துக்கு ஒண்ணு வருது. கணக்குப் போடாம கத்தரிக்கோலை எடுக்கறவங்களுக்கு நான் என்ன சொல்றது? அளவு போடும்மா, அப்புறம் பேசுவோம்.

பாலாத்து_மணல்:
ஸாரிங்க, எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன். 5 அடிக்கு 7 அடி. அறுகோணத்துல ஒரு பக்கம் 1 அங்குலம். சுமார் 400 சேர்த்தாச்சு. பாட்டியோட நூல் புடவை, அப்பா லுங்கி, கொஞ்சம் ஆரணிப் பட்டு பிட்டு. பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி உள்ள வெச்சு தைக்கறேன். தம்பிக்கு தையில கல்யாணம், அதுக்குத்தான்.

பழைய_டெய்லர்:
இப்ப கேளு. 1 அங்குலப் பக்கம்னா ஒரு துண்டு 2.6 சதுர அங்குலம். உன் போர்வை 60க்கு 84, மொத்தம் 5040. வகுத்துப் பாரு, 1900க்கு மேல வருது. நீ முடிச்சது 400. தை பொறக்க 150 நாள்கூட இல்ல. தினம் 10 துண்டுக்கு மேல தைக்கணும். வெட்டி, மடிச்சு, சேர்க்க ஒண்ணுக்குப் பத்து நிமிஷம்னு வெச்சாலும் கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் ஆச்சு. 2 அங்குலப் பக்கம் எடுத்திருந்தா மொத்தமே 500க்குள்ள முடிஞ்சிருக்கும். இதை மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல போட்டிருக்கலாம்.

சத்துவாச்சாரி_ஊசி:
ஐயா, கணக்கு சரிதான். அதை அந்தப் பொண்ணு அழாத மாதிரி சொல்லலாமே.

ஆரணி_ஜரிகை:
பட்டையும் நூல் துணியையும் கலந்து தைக்காதீங்க. துவைச்சா ஒண்ணு சுருங்கும், ஒண்ணு சுருங்காது. பட்டு ஓரம் பிரியவும் பிரியும். லுங்கியில சிவப்பு இருந்தா வெள்ளைத் துணியை நனைச்சு அழுத்தித் தேச்சுப் பாருங்க. சாயம் போச்சுன்னா அந்தத் துண்டே வேணாம்.

மெழுகுநூல்:
உப்புத் தண்ணியில ஒரு ராத்திரி போட்டா சாயம் நின்னுடும்.

ஆரணி_ஜரிகை:
நிக்காது. எங்க வீட்டுல ஒரு தலையணை உறை இன்னும் ரோஸ் கலர்ல இருக்கு.

மெழுகுநூல்:
பட்டு கூடாதுன்னு யார் சொன்னது? இங்கிலாந்துல 1718ல இதே மாதிரி காகிதம் வெச்சுத் தைச்ச பட்டு விரிப்பு இன்னைக்கும் இருக்கு. காகிதம்கூட உள்ளயே இருக்காம்.

பழைய_டெய்லர்:
அதைப் போத்திக்கிட்டு யாரும் தூங்கலை. உன் பத்திரிகை அட்டையும் உள்ளயே இருந்தா மாப்பிள்ளை புரண்டு படுக்கும்போது மொறுமொறுன்னு கேக்கும். சுத்தியும் ஆறு பக்கம் சேர்ந்ததும் எடுத்துடு, அடுத்த துண்டுக்கு ஆகும்.

வாலாஜா_அத்தை:
நான் கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. பாட்டி இருக்காங்களா? இல்லைன்னா அவங்க கட்டின துணியை புதுசா கல்யாணம் ஆனவங்களுக்குக் குடுக்கலாமா? எங்க பக்கம் பழந்துணி சீர்ல வைக்க மாட்டாங்க.

குடியாத்தம்_லுங்கி:
இன்னாங்க அத்தை இது! பொறந்த கொழந்தையை மொதல்ல எதுல சுத்தறோம்? பாட்டியோட பழைய புடவையிலதானே. எங்க வீட்டுல தெலுங்குதான் பேசுவோம், இதை பொந்தன்னு சொல்லுவாங்க. எங்க அவ்வா தைச்ச பொந்தைக்கு எனக்கும் அண்ணனுக்கும் இன்னும் சண்டை.

வாலாஜா_அத்தை:
கொழந்தை வேற, கல்யாணம் வேற தம்பி. சம்பந்தி வீட்டுல யாராவது ஒரு வார்த்தை சொல்லிட்டா?

குடியாத்தம்_லுங்கி:
சொல்றவங்க புதுப் போர்வை குடுத்தாலும் சொல்லுவாங்க.

பழைய_டெய்லர்:
பொந்த வேற, கில்ட் வேற. பொந்தங்கறது பழைய புடவைகளை அடுக்கி மேல ஓட்டுத்தையல் போடறது. கில்ட்னா மேல், நடு, கீழ்னு மூணு அடுக்கு.

குடியாத்தம்_லுங்கி:
வங்காளத்துல கந்தான்னு அடுக்கித்தான் தைக்கறாங்க. கர்நாடகத்துல கவுதி. அதெல்லாம் போர்வை இல்லையா ணா? குளிருக்குத் தெரியுமா மூணா ரெண்டான்னு?

சத்துவாச்சாரி_ஊசி:
நம்ம ஊருக்குக் குளிர் வேறயா. சித்திரையில மின்விசிறி கீழ உக்காந்தாலே துணி ஒட்டுது, மடியில போர்வையை வெச்சுக்கிட்டு யார் தைப்பாங்க? மணல், நீங்க தொடாம விட்ட மாசம் எல்லாம் வெயில் மாசமா? அப்புறம் இன்னொண்ணு, தைச்சதை எங்க வெக்கறீங்க?

பாலாத்து_மணல்:
வெயில் பாதி காரணம். மீதி, ஷிஃப்ட் டியூட்டி. வார்டுல வேலை, ஒரு வாரம் நைட், ஒரு வாரம் பகல். குடியாத்தத்துல இருந்து காட்பாடி வரைக்கும் ரயில். மூட்டையா கட்டி பீரோ மேல வெச்சிருக்கேன், ஸ்டூல் போட்டுத்தான் இறக்கணும்.

தினம்_கால்மணி:
ஷிஃப்ட்னு முதல்லயே சொல்லியிருந்தா நான் காலை காபி கதையே சொல்லியிருக்க மாட்டேன்.

சத்துவாச்சாரி_ஊசி:
ஸ்டூல் போட்டு இறக்கற சாமானை எவ தினமும் எடுப்பா! 400 துண்டையும் அங்கயே விடுங்க. ஒரு டிபன் டப்பாவுல 20 அட்டை, வெட்டின துணி, ஊசி, நூல், சின்ன கத்தரி. துணியை அட்டை மேல மடிச்சு பெரிய பெரிய தையலா போடறது மட்டும் ரயில்ல. சேர்க்கறது லீவு நாள்ல. டியூட்டி நேரத்துல வேணாம்.

பாலாத்து_மணல்:
ரயில்ல பாதி நாள் நின்னுட்டுத்தான் வரேன் அக்கா.

சத்துவாச்சாரி_ஊசி:
மீதி பாதி நாள் இருக்குல்ல.

பழைய_டெய்லர்:
அப்படியும் 1900 ஆகாது. நான் சொல்றதைக் கேளு. அறுகோணத்தை 400ல நிறுத்து. அதை 24க்கு 43 அங்குலமா நடுவுல வை. ரெண்டு பக்கமும் 18, மேலயும் கீழயும் 20 சொச்சம் அங்குலம் புதுத் துணி பார்டர். அளவு சரியா வந்துடும். பார்டர்ல புதுசு இருக்கறதால அத்தைக்கும் சமாதானம். நடுவுல இலவம்பஞ்சு போடாதே, துவைச்சா உருண்டை கட்டும். ஒரு பழைய பருத்திப் புடவை போதும், வேலூர் வெயிலுக்கு அதுவே ஜாஸ்தி.

ஆரணி_ஜரிகை:
ஐயா மொத தடவையா உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்கார்.

வாலாஜா_அத்தை:
பார்டர் மஞ்சளா இருக்கட்டும்.

(19 நாள் கழிச்சு)

பாலாத்து_மணல்:
நைட் முடிஞ்சு வந்தேன், சுருக்கமா சொல்றேன். மூட்டை கீழ இறங்கிடுச்சு. பட்டுத் துண்டு 30 பிரிச்சாச்சு, அந்த இடத்துக்கு 22 தைச்சாச்சு. லாங் பஜார்ல மஞ்சள் காட்டன் வாங்கினேன். லுங்கி சாயம் போகுது, உப்பு போட்டும் போகுது.

மெழுகுநூல்:
எவ்வளவு உப்பு போட்டீங்க?

குடியாத்தம்_லுங்கி:
அது பொந்ததான். கவுதின்னு சொன்னாலும் ஒத்துக்கறேன்.